ஊழும் முயற்சியும்

மனிதன் தன் செயலைத் தானே தேர்ந்து செய்கிறானா, முன்பே வகுக்கப்பட்டபடி இயங்குகிறானா என்பது இந்தியத் தத்துவ மரபுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வாதம். ஒரு செயலின் நன்மை தீமைக்கு யார் பொறுப்பு என்பதே அதன் மையம்.

நியதிக் கொள்கை

புத்தர் காலத்தவரான மற்கலி கோசாலர், ஆசீவக நெறியின் தலைவராக அறியப்படுபவர். உலகை நடத்துவது நியதி ஒன்றே, ஊக்கமும் உழைப்பும் எதையும் மாற்றமாட்டா என்பது அவரது கொள்கை எனப் பாலி மொழிச் சாமஞ்ஞபல சுத்தம் கூறுகிறது. அறிஞரும் பேதையரும் 84 இலட்சம் மகாகற்பங்கள் பிறந்து உழன்ற பின்னரே துன்பம் நீங்குவர் என்றும் அதில் உள்ளது. ஆசீவகரின் சொந்த நூல்கள் கிடைக்காததால், அவர்களது கருத்தை எதிர்த்தரப்பினர் எழுதியவற்றிலிருந்தே அறிய வேண்டியுள்ளது. அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் பீகாரின் பராபர் குன்றில் அவர்களுக்குக் குகைகள் அளித்த செய்தியைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

புத்தர் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். மனம் கருதிச் செய்வதே வினை என்றதன் மூலம் பொறுப்பைச் செய்பவனிடமே வைத்தார். சமணர், வினையை உயிரில் ஒட்டும் நுண்பொருளாகக் கொண்டு, அதைத் தவத்தால் உதிர்க்கலாம் என்றனர்.

தமிழ் இலக்கியத்தில்

இவ்வாதம் தமிழகத்திலும் வேரூன்றியது. மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகவாதி தன் கொள்கையை எடுத்துரைக்கிறான். சமண நூலான நீலகேசி அதை மறுக்கத் தனிச் சருக்கமே ஒதுக்குகிறது. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார், உயிர்கள் முறைவழி செல்வன என்று தெளிந்ததால் பெரியோரை வியப்பதும் சிறியோரை இகழ்வதும் இல்லை என்கிறார்.

திருக்குறள் இரு பக்கத்தையும் ஏற்கிறது. 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, தளராமல் உழைப்பவர் ஊழையும் தோற்கடிப்பர் என்கிறது.

சிலப்பதிகாரம் இச்சிக்கலைக் கதையாகவே நடத்திக் காட்டுகிறது. அதன் நாயகன் கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடன் கலிங்க நாட்டில் வாழ்ந்தவன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்தவன். அவ்வினையே இப்பிறப்பில் அவனைக் கொன்றது என மதுராபதித் தெய்வம் அவன் மனைவி கண்ணகியிடம் விளக்குகிறது. ஆனால் கோவலனைக் கள்வன் எனக் கொல்வித்த பாண்டியன் நெடுஞ்செழியன் ஊழைக் காட்டித் தப்பவில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததுமே தானே கள்வன் என ஏற்று உயிர்விட்டான். ஊழ் உண்மை என்று சொல்லும் காப்பியமே அரசனின் பொறுப்பைச் சிறிதும் குறைக்கவில்லை.

சமய விளக்கங்கள்

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தை அடிப்படையாகக் கொண்ட சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதில் இப்பிறப்பில் நுகர்வதற்கு வந்தது பிராரத்தம். நுகரும்போது விருப்பு வெறுப்பால் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். வந்த பயனை மாற்ற முடியாவிட்டாலும், அதை எதிர்கொள்ளும் விதத்தில் உயிருக்கு உரிமை உண்டு.

வைணவத்தில் இதே வினா அருளைப் பற்றியதாக மாறியது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிரும் முயல வேண்டும் என்பது வடகலை நிலை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போல இறைவனே காப்பான் என்பது தென்கலை நிலை.

இருபதாம் நூற்றாண்டு

1925இல் குடிஅரசு இதழைத் தொடங்கிய பெரியார், தலைவிதி நம்பிக்கை சாதி இழிவைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்று சாடினார். இன்றைய வறுமைக்கு முற்பிறப்பு வினையைக் காரணம் காட்டுவதை அம்பேத்கரும் மறுத்தார். இவ்விருவரின் விமரிசனம் வாதத்தின் போக்கையே மாற்றியது: ஊழை நம்பலாமா என்பதோடு, அந்த நம்பிக்கை யாருக்குப் பயன்படுகிறது என்றும் கேட்கவைத்தது. தன் துயரைத் தாங்குவதற்கு ஊழ் ஒருவருக்குத் துணையாகலாம். பிறர் துயரை நியாயப்படுத்த அதைப் பயன்படுத்துவது அறமாகாது.