நாயகன் இல்லாத கதை

ஒரு கதையைப் பாகப்பிரிவினை செய்து, நாயகனை ஒரு பத்திரிகைக்கும் வில்லன்களை இன்னொரு பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1960-களில் இங்கிலாந்தில் இந்த வேடிக்கை நடந்தே விட்டது.

1963 நவம்பர் 23-ம் தேதி பி.பி.ஸி. டெலிவிஷனில் 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானத் தொடர் ஆரம்பமாயிற்று. காலத்திலும் ஆகாயத்திலும் பிரயாணம் செய்யும் ஒரு விசித்திரக் கிழவரின் கதை அது. அடுத்த மாதமே அதில் டாலெக்குகள் தலைகாட்டின. உலோகக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஜீவன்கள். இரக்கம் என்பதையே அறியாதவை. குழந்தைகள் நடுநடுங்கின. நடுங்கிக்கொண்டே இன்னும் வேண்டும் என்றன.

குழந்தைகள் கேட்டால் படக்கதைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1964 நவம்பரில் 'டி.வி. காமிக்' என்ற வாரப் பத்திரிகை டாக்டரின் சாகசங்களைச் சித்திரத் தொடராக வெளியிட ஆரம்பித்தது. டெலிவிஷனில் இல்லாத ஜான், கில்லியன் என்ற இரண்டு பேரக்குழந்தைகளை அவருக்குத் துணையாகச் சேர்த்தார்கள். டாலெக்குகளைத்தான் சேர்க்க முடியவில்லை. அவற்றைக் கற்பனை செய்த டெர்ரி நேஷன் உரிமையில் தமக்கும் பங்கு வைத்திருந்தார். அவை 1965 ஜனவரியில் பிறந்த 'டி.வி. செஞ்சுரி 21' என்ற பத்திரிகையின் பின்னட்டைக்குக் குடிபோயின. அங்கே டாக்டருக்கு இடம் இல்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் மனம் லயிக்கிற இடம் இதுதான். வில்லன்கள் இருக்கிறார்கள், அவர்களை எதிர்க்க நாயகன் இல்லை. வாரம் தவறாமல் பக்கத்தை நிரப்பியாக வேண்டும். என்ன செய்வது? வில்லன்களின் சரித்திரத்தையே கதையாக்கினார்கள். ஸ்காரோ என்ற கிரகத்தில் மூண்ட பகை, நியூட்ரான் குண்டு வெடித்து ஒரு நாகரிகம் பூண்டோடு அழிந்தது, போருக்கென்று செய்த யந்திரத்துக்குள் உருமாறிய ஜீவன் ஒன்று புகுந்துகொண்டது, பிறகு அது பொன்னிறக் கூடு பூண்டு சக்கரவர்த்தியானது என்று கதை வளர்ந்தது. 104 வாரங்கள் நடந்து, பூமியின் மேல் டாலெக்குகளின் கண் விழும் கட்டத்தில், 1967 ஜனவரியில் முற்றுப்பெற்றது. வாசகன் அத்தனை வாரமும் கொடியவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தான். சிறுவர் பத்திரிகையில் அது சாமானியமான காரியம் அல்ல.

காகிதத்துக்கு வேறொரு சௌகரியமும் இருந்தது. டெலிவிஷன்காரர்கள் முதலில் செய்த டாலெக் கூடுகள் நான்கே நான்கு. கும்பலாகக் காட்ட வேண்டுமானால் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தத் தொடர் வர்ணத்தில் வந்ததும் 1970-ல்தான். பின்னட்டையிலோ ரிச்சர்டு ஜென்னிங்ஸும், அவருக்குப் பின் ரான் டர்னரும் படை படையாக டாலெக்குகளை வர்ணத்தில் பறக்கவிட்டார்கள். ஆயிரம் டாலெக்குகளை வரைய ஓவியனுக்குக் கை வலிக்கும். முதலாளிக்குப் பணம் செலவாகாது.

புகழும் பணமும் எப்படிப் பங்காயின என்றும் சொல்ல வேண்டும். டாலெக்கின் உருவத்தை அமைத்த ரேமண்ட் குஸிக் பி.பி.ஸி.யில் சம்பளக்காரர், ஆகையால் உரிமையில் அவருக்குப் பங்கு இல்லை. படக்கதையின் பெரும்பகுதியை எழுதியவர் டேவிட் விட்டேகர். டெலிவிஷன் தொடருக்கு முதல் கதை ஆசிரியராக இருந்தவரும் அவரே. டாலெக்குகள் என்றால் ஊர் அறிந்த பெயரோ டெர்ரி நேஷன் ஒன்றுதான்.

1975-ல் நேஷன் டெலிவிஷனில் டாலெக்குகளுக்குப் புதிதாக ஒரு பிறப்புக் கதை எழுதினார். பின்னட்டை சொன்ன ஜாதகம் செல்லாததாகிவிட்டது. ஆனாலும் 1988-ல் வந்த ஒரு டாக்டர் கதையில், டாலெக் சக்கரவர்த்தி பெரிய உருண்டைத் தலையுடன் திரையில் தோன்றினார். 1965-ல் பின்னட்டையில் சிறுவர்கள் பார்த்த அதே தலை! காகிதத்துக்குக் கதை கொடுத்த டெலிவிஷன், காகிதத்திடமே கை நீட்டிற்று.

விட்டேகர் அதைப் பார்க்கவில்லை. அவர் 1980-லேயே காலமாகிவிட்டார்.