கேள்வி கேட்பதே தொழில்: மைக் போன்ஜோர்னோவும் இத்தாலியத் தொலைக்காட்சியும்

இத்தாலியின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராய், 1954 ஜனவரி 3 அன்று அன்றாடத் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. முதல் நாள் நிகழ்ச்சிகளில் ஒன்று ‘அர்ரிவி எ பார்தென்ட்ஸே’. ‘வருகையும் புறப்பாடும்’ என்று பொருள். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் வந்து போகும் பிரபலங்களை நிறுத்திப் பேட்டி காண்பதுதான் நிகழ்ச்சி. அதை நடத்திய 29 வயது மைக் போன்ஜோர்னோ, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தாலியத் திரையை விட்டு விலகவில்லை. நிகழ்ச்சித் தொகுப்பாளர் என்ற தொழில் அந்நாட்டில் உருவான விதத்தை அவர் வாழ்க்கை வழியாகவே சொல்லிவிடலாம்.

போன்ஜோர்னோ 1924 மே 26 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வழி சிசிலிக் குடும்பம். தாயின் ஊர் தூரின். சிறுவயதிலேயே தாயுடன் தூரினுக்கு வந்து அங்கே வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் நாஜி எதிர்ப்புப் போராளிகளுடன் சேர்ந்தவரை ஜெர்மானியர் பிடித்து, மிலான் நகரின் சான் வித்தோரே சிறையில் அடைத்தனர். பிறகு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட அவர், கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி அமெரிக்கா திரும்பினார். நியூயார்க்கில் இத்தாலிய மொழி வானொலியில் வேலை பார்த்தார். 1953இல் இத்தாலிக்கு மீண்டபோது, அமெரிக்க ஒலிபரப்பின் பாணியை நேரில் கண்டறிந்த அனுபவம் அவர் கையில் இருந்தது. அன்றைய இத்தாலிய வானொலி மேடைத்தமிழ் போல ஏற்ற இறக்கத்தோடு பேசியது; போன்ஜோர்னோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலப் பேசினார்.

அவரை நாடறியச் செய்தது 1955 நவம்பரில் தொடங்கிய ‘லாஷா ஓ ரத்தோப்பியா?’ என்ற வினாடி வினா. ‘விடுகிறாயா, இரட்டிப்பாக்குகிறாயா?’ என்பதே தலைப்பு. மூலம் அமெரிக்காவின் ‘64,000 டாலர் கேள்வி’. போட்டியாளர் தனக்குத் தேர்ச்சியுள்ள ஒரு துறையைச் சொல்லிவிட்டு வருவார். ஒவ்வொரு கட்டத்திலும் வென்ற பணத்தோடு விலகலாம். அல்லது கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்ஃபோனோடு அமர்ந்து, அதை இரட்டிப்பாக்கத் துணியலாம். உச்சப் பரிசு 51,20,000 லிரா. உயர்கட்டத்தில் தவறியவருக்கு ஆறுதலாக ஃபியட் 600 கார் கிடைத்தது.

அப்போது தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. மக்கள் காப்பிக் கடைகளிலும் பெட்டி வைத்திருந்த அண்டை வீடுகளிலும் கூடினர். சனிக்கிழமை இரவில் கூட்டம் குறைந்ததால் திரையரங்க உரிமையாளர்கள் முறையிட்டனர். நிகழ்ச்சி வியாழக்கிழமைக்கு மாறியது. பின்னர் பல திரையரங்குகளே அன்றைய படத்தை இடையில் நிறுத்திவிட்டு, அரங்கில் பெட்டியை வைத்து நிகழ்ச்சியைக் காட்டின. நிகழ்ச்சியின் புகழ் திரைப்படத்துக்கும் தாவியது. நகைச்சுவை நடிகர் தோத்தோ நடித்து 1956இல் வந்த ‘தோத்தோ லாஷா ஓ ரத்தோப்பியா?’ படத்தில் போன்ஜோர்னோ தன் சொந்தப் பாத்திரத்திலேயே தோன்றினார். 1959இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இந்நிகழ்ச்சியில் போட்டியாளராக வந்தார். அவர் தேர்ந்த துறை இசையன்று, காளான். உச்சப் பரிசையும் வென்றார்.

இத்தனைக்கும் போன்ஜோர்னோ அறிஞரல்லர், பேரழகரல்லர், சொல்திறனும் அற்புதமானதல்ல. இதையே பொருளாக்கி எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1961இல் ‘மைக் போன்ஜோர்னோவின் தோற்றவியல்’ என்ற கட்டுரையை எழுதினார். அது 1963இல் ‘தியாரியோ மினிமோ’ நூலில் இடம்பெற்றது. எக்கோவும் 1950களில் ராய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான். தன் அறியாமையை மறைக்காத, படித்தவரைக் கண்டு வியக்கிற, எளிய வாக்கியங்களில் பேசுகிற இந்த மனிதரைப் பார்க்கும்போது எந்தப் பார்வையாளருக்கும் தாழ்வுணர்ச்சி வருவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கேலியாக எழுதப்பட்டாலும், அத்தொழிலின் அடிப்படை விதியை அக்கட்டுரை சரியாகப் பிடித்திருந்தது. வெவ்வேறு வட்டார மொழிகளை வீட்டில் பேசிவந்த நாட்டில், எல்லோருக்கும் புரிகிற பொது இத்தாலியத்தைப் பரப்பியதில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு என்று மொழியியலாளர் துல்லியோ தெ மாவ்ரோ காட்டியுள்ளார். போன்ஜோர்னோவின் சிக்கலற்ற வாக்கியங்கள் அந்தப் பணிக்குப் பொருந்தின.

1959 முதல் 1962 வரை நடந்த ‘காம்பனிலே சேரா’வில் வடக்கிலிருந்து ஓர் ஊரும் தெற்கிலிருந்து ஓர் ஊரும் மோதின. ஊர்ச் சதுக்கங்களில் திரண்ட மக்களோடு மிலான் அரங்கம் நேரலையில் இணைக்கப்பட்டது. சான்ரேமோ பாட்டுத் திருவிழாவை அவர் 1963 முதல் 1997 வரை பதினொரு முறை தொகுத்து வழங்கினார். 1970 முதல் 1974 வரை வியாழக்கிழமை இரவுகளை ஆண்டது ‘ரிஸ்கியாதுத்தோ’. அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’யைத் தழுவிய இதில், பெரிய வினாப்பலகையும் முதலில் அழுத்துவோருக்கே பதில் சொல்லும் உரிமை தரும் பொத்தானும் இருந்தன. மேடைத் துணையாளர் பெண்களின் இடமும் இங்கே சற்று மாறியது. 1950களில் எதி காம்பஞோலி பெரும்பாலும் பேசாமல் உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘ரிஸ்கியாதுத்தோ’வில் சபினா சூஃபினி பேசினார்.

1976இல் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் அளவில் தனியார் ஒளிபரப்பை அனுமதித்தது. சில்வியோ பெர்லுஸ்கோனி தன் டெலிமிலானோ நிலையத்துக்குப் போன்ஜோர்னோவை அழைத்தார். அங்கே தொடங்கிய உறவு 1980இல் உருவான கனாலே 5இல் நிலைபெற்றது. நாடு முழுவதும் நேரலை செய்யத் தனியாருக்கு உரிமை இல்லாததால், பதிவு செய்த ஒளிநாடாக்கள் பல உள்ளூர் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு ஒரே நேரத்தில் ஓடின. 1990ஆம் ஆண்டின் மம்மி சட்டம் தனியார் தேசிய ஒளிபரப்பை முறைப்படுத்தும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. அரசு நிறுவனத்தில் உரிமக் கட்டணத்தால் நடந்த தொழில், இங்கே விளம்பரத்தால் நடந்தது. கேள்விகளுக்கு நடுவே தொகுப்பாளரே பன்றித்தொடை இறைச்சியின் பெருமையைப் பேசி விற்றார். அதிலும் அவர் குரலின் இயல்புதான் மூலதனம். ‘சூப்பர்ஃபிளாஷ்’, ‘டெலிமைக்’ ஆகியவற்றுக்குப் பின், ‘அதிர்ஷ்டச் சக்கரம்’ நிகழ்ச்சியின் இத்தாலிய வடிவத்தை 1989 முதல் 2003 வரை நடத்தினார். ‘அல்லெக்ரியா!’, அதாவது ‘மகிழ்ச்சி!’ என்று இரு கைகளையும் உயர்த்திச் சொல்லும் வாழ்த்து அவர் அடையாளமாயிற்று.

2009இல், 85 வயதில், ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் செய்திருந்த நிலையில், செப்டம்பர் 8 அன்று மொனாக்கோவின் மான்டே கார்லோவில் மாரடைப்பால் இறந்தார். மிலான் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு இத்தாலியில் இது அரிய சிறப்பு. 2011 ஜனவரியில் அவர் சவப்பெட்டி கல்லறையிலிருந்து திருடப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் மீட்கப்பட்டது. 2016இல் ராய் ‘ரிஸ்கியாதுத்தோ’வை மீண்டும் ஒளிபரப்பியபோது, வினாப்பலகையும் பொத்தானும் திரும்பி வந்தன, நடத்தியவர் ஃபாபியோ ஃபாட்சியோ.