இளையோரின் ஆளுமையும் மதுப்பழக்கமும்

ஒருவர் எண்ணுவதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும் பெரிதும் மாறாமல் தொடரும் போக்குகளின் தொகுதியே ஆளுமை எனப்படும். மதுப்பழக்கத்தோடு அதற்குள்ள தொடர்பை உளவியலார் பெரும்பாலும் இருபது வயதையொட்டிய இளையோரிடமே ஆராய்ந்துள்ளனர். பல நாடுகளில் குடி உச்சத்தை எட்டுவது அந்தப் பருவத்தில்தான்.

புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, மனத்தளும்பல், புதுமைநாட்டம் என ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பகுக்கும் முறையில், பொறுப்புணர்வும் இணக்கமும் குறைந்தவர்களிடமும் மனத்தளும்பல் மிகுந்தவர்களிடமும் குடிசார்ந்த சிக்கல்கள் ஓரளவு கூடுதலாகக் காணப்படுகின்றன. புறமுகத்தன்மை உடையவர் கூட்டத்தோடு நிறையக் குடிக்கலாம். அதனாலேயே குடிக்கு அடிமையாவார் என்பதில்லை. விளைவை எண்ணாமல் உடனே செயல்படும் உந்துணர்ச்சியே இவற்றினும் கவனத்துக்குரியது. உளவியலாளர் லின் கூப்பர் 1994இல் குடிக்கான நோக்கங்களைக் கூடிமகிழ்தல், களிப்பைக் கூட்டுதல், துயரை மறத்தல், பிறரோடு ஒத்துப்போதல் என நான்காக வகுத்தார்; துயரை மறக்கக் குடிப்பவரிடம் மனத்தளும்பலும், களிப்புக்காகக் குடிப்பவரிடம் கிளர்ச்சிநாட்டமும் மிகுந்திருப்பது வழக்கம். ஆயினும் இப்பண்புகள் கல்லில் செதுக்கியவை அல்ல. 18 முதல் 35 வயது வரை அமெரிக்க இளையோரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, உந்துணர்ச்சியும் மனத்தளும்பலும் தணியத் தணியக் குடிச் சிக்கலும் குறைந்ததைக் காட்டியது.

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்து இளைஞர்களைப் பற்றிப் பேசுகையில் இம்முடிவுகளை அப்படியே பொருத்துவது பிழையாகும். தனிமனிதப் பண்பை ஓர் இனத்தின் பிறவிக்குணமாக்குவது காலனிக் காலத்திலிருந்தே வழங்கிவரும் தவறு. அக்காலத்தில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றுள் உரிமம் பெற்ற கள்ளுக்கடை, தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்கு அருகிலேயே இயங்கியது. கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. கெடாவில் 1946-47இல் ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியலில் இறங்கியபோது, அதில் திரண்டவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. குடி அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. பிற்காலத்தில் கள்ளின் இடத்தைப் பிடித்த மலிவுவிலைச் சாராயமான சம்சுவை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் இயக்கம் நடத்தியது.

ஆகவே ஆளுமை, குடிக்கும் சாய்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அச்சாய்வு பழக்கமாவது மது எளிதில் கிடைப்பதையும் விலையையும் உடனிருப்போரையும் பொறுத்தது. மலேசியச் சட்டம் கைவைப்பதும் கிடைப்பதன் மீதே: மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது.