வெள்ளாற்றங்கரையில் ஓர் இரும்பாலை

இரும்பாலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டாடா, ஜாம்ஷெட்பூர்... அப்படித்தானே! அந்தக் கம்பெனி ஆரம்பித்தது 1907-ல். அதற்கு 77 வருஷம் முன்னாடியே நம்ம பரங்கிப்பேட்டையில் உலை மூட்டிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிற ஊர். போர்த்துக்கீசியர்கள் இதை 'போர்ட்டோ நோவோ' என்றார்கள். புதுத் துறைமுகம் என்று அர்த்தம். இங்கிருந்து துணி மூட்டைகள் கடல் தாண்டிப் போயின. 'பரங்கிப்பேட்டை வராகன்' என்று தங்க நாணயமே புழங்கியது. கெட்டிக்கார வியாபாரிகளின் ஊர்!

இங்கேதான் வந்து சேர்ந்தார் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் நல்ல உத்தியோகம். 1825-ல் அதை உதறிவிட்டார். எதற்கு? சேலத்து இரும்புத் தாதுவை ஐரோப்பிய முறையில் உருக்கிக் காசு பார்க்க! சென்னை மாகாணம் முழுக்க அந்த முறைக்கு ஏகபோக உரிமையும் வாங்கினார், அரசாங்கத்திடம் கடனும் வாங்கினார். 1830-ல் ஆலை எழுந்தது. சரக்கும் சோடை இல்லை. ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் படுத்தது?

பி.காம். படித்த புத்தி, எனக்குக் கண் செலவுப் பக்கம்தான் போகிறது. தாது கிடைப்பது சேலத்தில், ஆலை கடற்கரையில். எரிபொருள் மரக்கரி. பக்கத்துக் காட்டை வெட்டி முடித்தால் அடுத்த காடு. காடு தள்ளிப் போகப் போக வண்டிக்கூலி ஏறும். அங்கே இங்கிலாந்தில் நிலக்கரியில் மலிவாக உருக்கித் தள்ளுகிறான். எப்படிங்க கட்டுப்படியாகும்? ஒவ்வொரு காட்டோடும் சேர்ந்து லாபமும் எரிந்தது.

ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் சாதாரண உள்ளூர் இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து, 1839-ல் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஷெஃபீல்டுக்காரர்கள் ஸ்வீடன் இரும்புக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹீத்துக்கு இனி பணமழைதான் என்று நினைக்கிறீர்கள், இல்லையா?

அங்கேதான் வில்லங்கம். பத்திரத்தில் அவர் எழுதியது 'மாங்கனீஸ் கார்புரெட்'. அவருக்கே ஏஜென்டாக இருந்த அன்வின், மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக மூசைக்குள் போட்டார். இரண்டும் உள்ளே சேர்ந்து அதே வேலையைச் செய்தன, செலவும் குறைவு. "நான் கார்புரெட்டே வாங்கவில்லையே" என்பதுதான் அன்வின் கட்சியின் வாதம்! ஹீத் வழக்குப் போட்டார். கோர்ட், மேல்கோர்ட் என்று வருஷக்கணக்காக இழுத்தது. நீதிபதிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஹீத் 1851-ல் செத்தே போனார். 1855-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது: அன்வின் செய்தது அத்துமீறல் இல்லை.

பரங்கிப்பேட்டை ஆலையை 1853-ல் புதுக் கம்பெனி ஒன்று கையிலெடுத்துப் பார்த்தது. அதே காடு, அதே கரி, அதே கூலி. 1874-ல் அந்தக் கம்பெனியையும் கலைத்துவிட்டார்கள்.