தரை சாய்ந்த வீடு

கலிபோர்னியாவின் டயாப்லோவில் 1976-இல் ஒருவர் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். ஓர் ஏக்கர் நிலம், நீச்சல்குளம், விருந்தினர் வீடு. பார்வைக்குக் குறையில்லை. கொஞ்ச நாளிலேயே மண் சரிந்தது. சரியாக இறுக்காமல் கொட்டிய மண்மேல் கட்டிய வீடு.

வீட்டை விற்றுக்கொடுத்த தரகர்களுக்கு அறிகுறி தெரியாமலில்லை. விருந்தினர் வீட்டுத் தரை சமமாக இல்லை. சரிவில் வலை விரித்திருந்தது. ஆனாலும் மண் பரிசோதனை கேட்கவில்லை.

அதே 1976-இல்தான் அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கமும் தோன்றி, எதைப் பார்ப்பது, எதை எழுதுவது என்று வரையறுக்கத் தொடங்கியது. ‘தரை சாய்வு’ என்று மட்டும் எழுதுவது அறிக்கையே அல்ல. எந்த அறை, என்ன காரணமாகலாம், அடுத்து யாரை அழைப்பது என்பதும் வேண்டும்.

டயாப்லோ வீடு வழக்கானது. வீட்டைக் கவனமாகப் பார்த்து, கண்டதைச் சொல்வது தரகரின் கடமை என்று 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது.