த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்

ஆர்தர் சி. கிளார்க் எழுதி 1979இல் வெளிவந்த ஆங்கில அறிவியல் புனைகதை நாவல். ஹியூகோ, நெபியுலா விருதுகள் இரண்டையும் பெற்றது. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். நாவலின் ஸ்ரீகந்த மலைக்கு முன்மாதிரி, அங்குள்ள சிவனொளிபாதமலை (2,243 மீ.).

22ஆம் நூற்றாண்டில் அம்மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி அமைக்க முனைகிறார் பொறியாளர் மோர்கன். உச்சியிலுள்ள மடத்துப் பிக்குகள் இடம் தர மறுக்கின்றனர். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மடம் கைவிடப்படும் என்ற பழங்கதை பலிக்க, வழி பிறக்கிறது. இத்தகைய மின்தூக்கி நிலநடுக்கோட்டில் அமையவேண்டும் என்பதால், கிளார்க் கதையில் இலங்கைத் தீவையே ஏறத்தாழ 800 கி.மீ. தெற்கே நகர்த்தி, மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார்.