முதல் கோப்பு எப்படிப் போகும்?

அப்பா விட்டுப்போன லேப்டாப் இன்னும் ஓடுகிறது. ஃப்ளாப்பி டிரைவ் மட்டும் செத்துப்போச்சு. யூஎஸ்பி வருவதற்கு முந்தைய மெஷின். நெட்வொர்க் கார்டும் கிடையாது. உள்ளே அவர் தட்டி வைத்த கடிதங்கள். வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பின்பக்கத்து ஒன்பது ஊசி சீரியல் போர்ட்.

அதற்கான ஆர்எஸ்-232 தரம் 1960இல் வந்தது. டெர்மினலையும் மோடத்தையும் இணைப்பதற்காக எழுதியது அது. ஒன்று பேசும் கம்பியில் மற்றது கேட்கும் என்பது கணக்கு. இரண்டு கணினிகளை நேராக மாட்டினால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், ஒரே கம்பியில் காது வைத்திருக்கும். அதனால் கம்பிகளைக் குறுக்கே மாற்றிப் போடணும். நல் மோடம் கேபிள் என்பது இதுதான். நடுவில் மோடம் இருப்பதாக இரண்டையும் ஏமாற்றுகிற வயர்.

கம்பி சரி, பேச்சு? 1981இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் டெக்-20 என்ற பெரிய கணினியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் வட்டு இடம் ஆளுக்குக் கொஞ்சம்தான். அவரவர் கோப்பை, சின்னக் கணினி வழியாக, அவரவர் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் உருவாக்கியது கெர்மிட் நெறிமுறை. மப்பெட் தவளையின் பெயரேதான்.

கெர்மிட்டில் எனக்குப் பிடித்தது அதன் சந்தேக புத்தி. பெரிய கணினி, வயரில் வருவதெல்லாம் ஒரு ஆள் தட்டியது என்றே எடுத்துக்கொள்ளும். கோப்புக்குள் கண்ட்ரோல்-எஸ் வந்தால் ‘நிறுத்து’ என்று புரிந்துகொண்டு நின்றுவிடும். எனவே கெர்மிட் அப்படிப்பட்ட குறிகளை மாறுவேடத்தில் அனுப்பும். என்டர் குறி, ஒரு ‘#’ஆகவும் ஆங்கில ‘எம்’ஆகவும் போகும். எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒழுங்கா வந்தா ‘ஒய்’ என்று பதில் வரும், கெட்டுப்போயிருந்தால் ‘என்’. நெறிமுறையை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. 1984இல் பைட் இதழில் விளக்கி எழுதினார்கள்.

ஆனா ஒரு சிக்கல். கெர்மிட் இரண்டு பக்கமும் இருக்கணும். அப்பாவின் மெஷினில் இல்லை. அனுப்பும் புரோகிராமை அனுப்ப இன்னொரு புரோகிராமுக்கு எங்கே போவது?

1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 இதற்கு ஒரு குறும்பான விடை வைத்திருந்தது. அதிலுள்ள இன்டர்எஸ்விஆர் புரோகிராமை ‘ஆர்காப்பி’ என்று சேர்த்து ஓட்டினால், எதிர் மெஷினில் இரண்டே வரி தட்டச் சொல்லும். முதல் வரி, வேகம் 2400. இரண்டாவது, ‘சிடிடிஒய் காம்1’: இனி உன் கீபோர்டும் திரையும் இந்த சீரியல் போர்ட்தான். அதன்பின் யாரோ தட்டுகிறார்கள் என்றே அந்த மெஷின் நம்பும். தட்டுவது பக்கத்து மெஷின்! கெர்மிட் எதற்குப் பயந்து வேடம் போட்டதோ, அதையே டாஸ் கதவாக்கிக்கொண்டது.

பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மூன்று கம்பியில் நான் பற்றவைத்த கேபிள் வேலைக்கு ஆகவில்லை. இதற்கு ஏழு கம்பி வேண்டும். மாற்றியதும் நொடிக்கு 240 எழுத்து வேகத்தில் புரோகிராம் போய் இறங்கியது. அதை லேப்டாப்பில் ஓட்டியதும், டெஸ்க்டாப்பில் ‘இ’ என்று புதிதாக ஒரு டிரைவ் வந்தது. ‘டிர்’ போட்டேன். எட்டு எழுத்துக்குள் சுருக்கிய பெயர்கள் வரிசையாக மேலே ஏறின.

அதில் என் பெயரிலும் ஒன்று இருந்தது.